மழைக்குள் நாற்று, தையில் பூ: மாடியில் குளிர்காலக் காய்கறித் தோட்டம்

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் குளிர்காலம் என்பது மிஞ்சிப்போனால் ஒன்பது வாரம். டிசம்பர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவுக்குள் முடிந்துவிடும். அந்த வாரங்களிலும் இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

மாடித்தோட்டம் போடத் தொடங்கும் பலர், மழை ஓய்ந்து, விடியற்காலையில் போர்வையைத் தேடும் நாள் வந்த பிறகுதான் விதைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அவர்களுடைய காலிஃபிளவர் பூக் கட்ட வேண்டிய நேரத்தில் மாசி வெயில் வந்து நிற்கிறது. இலை மட்டும் தழைத்துப் பூவே வராமல் போன செடிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். விதையிலும் குறை இல்லை, மண்ணிலும் குறை இல்லை. நாள் தவறியிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியை நாள்களின் வரிசைப்படியே எழுதியிருக்கிறேன்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

காலிஃபிளவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் காய்களில் நாள் தவறினால் மன்னிக்கவே மன்னிக்காத செடி அதுதான். சமவெளிக்கு ஏற்ற வீரிய ஒட்டு ரகங்கள் நட்ட 60 முதல் 70 நாளில் அறுவடைக்கு வரும். பூக் கட்டத் தொடங்குவது நட்ட ஐந்தாறு வாரத்தில். அந்தத் தொடக்கம் மார்கழிக் குளிரில் விழ வேண்டும்.

அப்படியானால் நடவு நவம்பர் நடுவில், கார்த்திகை பிறக்கும்போது. நாற்று வளர 25 முதல் 28 நாள் ஆகும். எனவே விதை தட்டில் விழ வேண்டியது ஐப்பசி பிறக்கும்போது, அதாவது அக்டோபர் 18-ஐ ஒட்டி. மண் கலவை இரண்டு வாரமாவது ஊற வேண்டும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் பைகள் நிரம்பியிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. நாற்றின் பிஞ்சுப் பருவம் முழுவதும் அடைமழைக்குள்தான் கழியும். குளிர்காலத் தோட்டத்தின் கடினமான பகுதி இந்த ஒரு மாதம்தான். இதைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோவை, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு மழையும் குறைவு, இரவுக் குளிரும் சற்றுக் கூடுதல். ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போனாலும் அங்கே தாங்கும்.

2. வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

கோடையில் வெயில் விழுந்த இடத்தில் குளிர்காலத்திலும் விழும் என்று நம்பிப் பைகளை வைத்துவிடுகிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. டிசம்பர் 21 அன்று சென்னையில் உச்சிப்பொழுதிலும் அது தலைக்கு மேல் வராது. தெற்கு வானத்தில் ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நிற்கும். மூன்றடி உயரமுள்ள தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல், நண்பகலிலேயே இரண்டேகால் அடி உள்ளே விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும்.

எனவே தெற்குச் சுவரை ஒட்டிப் பை வைக்காதீர்கள். மூன்றடி தள்ளி வையுங்கள், அல்லது வடக்குச் சுவர்ப் பக்கம் வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை ஆகியவற்றின் வடக்குப் பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். குறைந்தது ஐந்தாறு மணி நேர வெயில் கிடைக்காத இடத்தில் காரட்டும் பீட்ரூட்டும் தழையாகவே நின்றுவிடும். அந்த நிழல் இடம் வீணில்லை. புதினாவும் பாலக் கீரையும் அங்கே நன்றாக வரும்.

எடையையும் இப்போதே நினையுங்கள். 12 அங்குல அகலமும் அதே உயரமும் கொண்ட ஒரு பை நனைந்தபின் 20 கிலோ வரை இருக்கும். தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் இடத்தின் மேல் வரிசையாக வையுங்கள். பைக்கு அடியில் செங்கல் இரண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். மழைநீர் தேங்காமல் ஓடும், தளமும் காயும்.

3. எதை வைப்பது, எதை விடுவது

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் வைக்க ஆசை வரும். நான் சொல்லும் பட்டியல் சிறியது: முள்ளங்கி, பீட்ரூட், செடி பீன்ஸ், தக்காளி, கொத்தமல்லி, வெந்தயக் கீரை. இவற்றோடு முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் பத்துப் பத்துச் செடி. காரட்டை ஒரே ஒரு பையில் பழகுங்கள்.

ரகம் பார்த்து வாங்குவது முக்கியம். காலிஃபிளவரில் குளிர்ப் பிரதேச ரகங்கள் 10 முதல் 16 டிகிரிக் குளிரைக் கேட்கும். அவை மாடியில் ஒருநாளும் பூக்காது. பொட்டலத்தில் முன்பருவ ரகம், வெப்பம் தாங்கும் ரகம் என்று இருப்பதையே கேட்டு வாங்குங்கள். முள்ளங்கியில் பூசா சேத்கி வெப்பத்தையும் தாங்கும். காரட்டில் நியூ குரோடா சமவெளியில் ஓரளவு நன்றாக வருகிறது. பீன்ஸுக்கு அர்கா கோமல்.

பச்சைப் பட்டாணியைச் சென்னை மாடியில் நான் பரிந்துரைப்பதில்லை. கொடி வளரும், பூவும் வரும். பகல் வெப்பத்தில் பூ உதிர்ந்து, ஒரு பைக்குக் கைப்பிடிக் காய்கூடக் கிடைக்காது.

கொடி அவரையைப் பற்றி ஒரு வார்த்தை. தையில் குலை குலையாகத் தொங்கும் அவரையைப் பார்த்துவிட்டு டிசம்பரில் விதை கேட்பவர்கள் உண்டு. நாட்டுக் கொடி அவரை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். அதற்குள் கொடி படர்ந்து முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் அதை ஆடியிலேயே ஊன்றுகிறார்கள். இந்த ஆண்டு தவறியிருந்தால் அடுத்த ஆடிக்குக் குறித்துவையுங்கள்.

4. மண் கலவை: அக்டோபர் முதல் வாரம்

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இவ்வளவுதான்.

தென்னை நார்க் கட்டியை நேரடியாகக் கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். நாற்றின் இலை ஓரம் கருகும். அகலமான தொட்டியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டுங்கள். மூன்று முறை செய்யுங்கள். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், மூன்றாவது வெளிறிப்போகும்.

தொழு உரம் மக்கியதா என்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாண நாற்றம் அடித்தாலோ, கைக்குச் சூடு தெரிந்தாலோ, அது இன்னும் தயாராகவில்லை. மக்காத உரம் பைக்குள் சூடேறி வேரை அவித்துவிடும். காரட்டின் கிழங்கு இரண்டாகப் பிளந்து வளரவும் அது ஒரு காரணம்.

கலவையை நிரப்பி, ஈரம் காட்டி, இரண்டு வாரம் விடுங்கள். அந்த நாள்களில் பிண்ணாக்கு மக்கிவிடும், கலவையும் இரண்டு அங்குலம் அமிழும். அமிழ்ந்த அளவுக்கு மேலே நிரப்புங்கள். பையின் அடித் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் சாய்த்துப் பாருங்கள். அடைமழையில் செடி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் அடைபட்ட துளைதான்.

5. நாற்று: அக்டோபர் 18 முதல்

காலிஃபிளவர், முட்டைக்கோஸ், தக்காளி ஆகிய மூன்றும் நாற்றுவிட்டு நட வேண்டியவை. மிளகாயும் வேண்டுமென்றால் பத்து நாள் முன்னதாகவே விதைத்துவிடுங்கள். அதன் நாற்றுக்கு 35 முதல் 40 நாள் வேண்டும்.

98 குழிகள் உள்ள நாற்றுத் தட்டு ஒன்று போதும். குழிகளில் தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள். அது இறுகிக்கொள்ளும், நாற்றழுகல் பூஞ்சையும் அதோடு வந்து சேரும். கழுவிய தென்னை நார்க் கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, நாற்றழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடியான ட்ரைக்கோடெர்மா விரிடி ஒரு தேக்கரண்டி கலந்து நிரப்புங்கள். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. இருபது செடி வேண்டுமானால் முப்பது விதை ஊன்றுங்கள். மழைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டின் மேல் ஈரச் சாக்கு ஒன்றை மூடுங்கள். மூன்றாம் நாள் காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். ஒரு விதையில் வெள்ளைக் கொக்கி தெரிந்துவிட்டாலும் சாக்கை எடுத்துவிட வேண்டும். மற்றவையும் முளைக்கட்டும் என்று இன்னொரு நாள் காத்திருந்தால், முளைத்தவை வெளிச்சம் தேடி நூலாக நீண்டுவிடும். அந்த நாற்றுகள் பிறகு தேறுவதில்லை.

இப்போது மழை. புதியவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். சிலர் தட்டைத் திறந்த வெளியில் விடுகிறார்கள்; ஒரே இரவில் பெருந்துளிகள் குழியில் இருந்ததை எல்லாம் வெளியே தெறித்துவிடுகின்றன. சிலர் பரிதாபப்பட்டு வீட்டுக்குள் எடுத்துவந்து ஜன்னலோரம் வைக்கிறார்கள். மூன்றே நாளில் தண்டு வெளுத்து, நெட்டையாகிச் சாய்ந்துவிடுகிறது.

சரியான வழி, மாடியிலேயே ஒரு கூரை. நான்கடி உயரத்தில் நிறமற்ற பாலித்தீன் தாளைச் சரிவாகக் கட்டுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். நீல நிறத் தார்ப்பாயைக் கட்டாதீர்கள். மழைக்கால வானத்தில் வெளிச்சமே குறைவு, அதையும் அது மறைத்துவிடும். தட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும், துளியின் அடி வேண்டாம். பாலித்தீன் அதற்காகத்தான்.

தண்ணீர் காலையில் மட்டும், பூவாளியால். மழை நாளில் பெரும்பாலும் ஊற்றவே வேண்டியிருக்காது. மாலையில் நனைத்தால் இரவு முழுதும் ஈரம் நிற்கும். மறுநாள் பார்த்தால் நாற்று மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல இளைத்து மடிந்து கிடக்கும். இலை பச்சையாகவே இருக்கும், தண்டு மட்டும் அழுகியிருக்கும். அதுதான் நாற்றழுகல். அந்தக் குழியையும் சுற்றியுள்ள எட்டுக் குழிகளையும் அப்படியே தோண்டி அகற்றிவிடுங்கள். ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

6. நடவு: நவம்பர் நடுவில்

நடுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து நாற்றைப் பழக்குங்கள். மழையில்லாத நேரத்தில் தட்டைக் கூரையை விட்டு வெளியே எடுத்து, முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் நான்கு என்று வெயிலைக் கூட்டுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். தண்டு தடித்து ஊதா கலந்து இறுகும். அந்த நாற்று காற்றையும் வெயிலையும் தாங்கும்.

நான்கைந்து இலை உள்ள நாற்றை எடுங்கள். வேர் குழியின் வடிவத்திலேயே வெள்ளையாகச் சுற்றியிருந்தால் சரியான பருவம். மாலையில் நடுங்கள், இரவு முழுவதும் வேருக்கு ஓய்வு கிடைக்கும். விதையிலைகள் வரை புதைக்கலாம், ஆனால் நடுக்குருத்தில் மண் விழக்கூடாது. குருத்து மூடிய காலிஃபிளவர் செடி குருடாகிவிடும்: இலை வரும், பூ வராது. தக்காளியை மட்டும் இன்னும் ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலும் அது வேர்விடும்.

12 அங்குலப் பைக்கு ஒரே ஒரு காலிஃபிளவர். இரண்டு நட்டால் இரண்டும் சிறுக்கும்.

நாற்றின் வயதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சென்ற தையில் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் தன் செடியைப் பையோடு தூக்கிவந்தார். செடி முழங்கால் உயரம்கூட இல்லை. நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பூ.

“அக்கா, இது இன்னும் பெருக்குமா?” என்று கேட்டார்.

“பெருக்காது அம்மா. நாற்று எத்தனை நாள் தட்டில் இருந்தது?”

“மழை விடட்டும் என்று காத்திருந்தேன். நாற்பத்தைந்து நாள் இருக்கும்.”

அதுதான் காரணம். தட்டிலேயே வேர் நெருக்கப்பட்டுப் பட்டினி கிடந்த செடி, தன் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணி அவசரமாகப் பூக் கட்டிவிடுகிறது. அதற்கு வேண்டிய இலைகள் அதனிடம் இல்லை. 35 நாள் தாண்டிய காலிஃபிளவர் நாற்றை நடாதீர்கள். மழை விடாவிட்டாலும் நட்டுவிட்டு, அந்தப் பாலித்தீன் கூரையைப் பைகளுக்கு மேல் நகர்த்துங்கள்.

7. நேரடி விதைப்பு: நவம்பர் கடைசியிலிருந்து

முள்ளங்கி, பீட்ரூட், காரட், பீன்ஸ், கொத்தமல்லி ஆகியவற்றை நாற்றுவிடக் கூடாது. கிழங்காகப் பருக்கப்போவது முதல் ஆணிவேர்தான். அதைப் பெயர்த்து நட்டால் வளைந்து கிளைக்கும்.

முள்ளங்கி எளிது. ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் மூன்று நாலு நாளில் முளைக்கும், ரகத்தைப் பொறுத்து 40 முதல் 55 நாளில் பிடுங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே வாரத்தில் இருபது முள்ளங்கியோடு திண்டாடாதீர்கள். பத்து நாளுக்கு ஒரு பை என்று ஜனவரி நடு வரை விதையுங்கள்.

பீட்ரூட் விதை என்று கையில் எடுப்பது உண்மையில் பல விதைகள் சேர்ந்த ஒரு முடிச்சு. ஒரு முடிச்சிலிருந்து இரண்டு முதல் ஐந்து முளை வரும். இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். முளைத்தபின் இடத்துக்கு ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும்.

காரட்டில் பலர் தோற்பது முளைப்பிலேயே. அது முளைக்க பத்து, பன்னிரண்டு நாள் எடுக்கும், சில சமயம் இரண்டு வாரம். அந்த நாள்களில் மேல்மண் ஒரு மதியம் காய்ந்தாலும் முளை கருகிவிடும். விதையை ஒரு சென்டிமீட்டருக்குள் தூவி, மேலே தென்னை நார்க் கழிவை மெல்லிதாகப் பரப்பி, ஈரச் சாக்கால் மூடுங்கள். எட்டாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் பச்சை நூல் தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். பையில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கல்லும் கட்டியும் இல்லாத மண் இருக்க வேண்டும்.

இனி, கலைத்துவிடுதல். காரட்டுக்கு இரண்டு அங்குலம், முள்ளங்கிக்கு மூன்று, பீட்ரூட்டுக்கு நான்கு அங்குலம் இடைவெளி. முளைத்த செடியை நறுக்க மனம் வராது. எனக்கும் முதலில் வரவில்லை. ஆனால் நெருக்கத்தில் நிற்கும் பத்துக் காரட்டில் ஒன்றுகூட விரல் பருமனைத் தாண்டுவதில்லை. நறுக்கிய முள்ளங்கி, பீட்ரூட் தழையைப் பொரியலில் சேர்த்துவிடலாம்.

கொத்தமல்லியை மட்டும் செருப்படியில் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்தபின் தூவுங்கள். முழு விதையாகப் போட்டால் முளைப்பு சீராக வராது.

8. தண்ணீரும் உரமும்

குளிர்காலத்தில் செடி சாவது தாகத்தால் அல்ல, கூடுதல் தண்ணீரால். மேல்மண் காய்ந்திருந்தாலும் இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருக்கும். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் இன்று வேண்டாம். தண்ணீர் ஊற்றும் நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பது.

கோஸ் வகைகள், அதாவது முட்டைக்கோஸும் காலிஃபிளவரும், உரம் தின்பவை. அதிலும் அடைமழை பையிலிருந்த சத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். நட்ட 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண் அணையுங்கள். வாரம் ஒருமுறை, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கலந்து ஊற்றலாம். பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா தெளிக்கலாம். கிழங்குகளுக்குப் பிண்ணாக்குத் தண்ணீர் வேண்டாம். தழை கூடிக் கிழங்கு சிறுக்கும்.

காலிஃபிளவர் பூவில் பழுப்புத் திட்டுகளும் தண்டுக்குள் பொந்தும் தெரிந்தால் அது போரான் குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் போராக்ஸ் கரைத்து, பூ வருவதற்கு முன்பே ஒருமுறை இலையில் தெளித்துவிடுவது நல்லது. அளவைக் கூட்டாதீர்கள், சற்றுக் கூடினாலே இலை கருகும்.

9. பூ தெரியும் நேரம்

டிசம்பர் கடைசியில் ஒருநாள் காலை, நடு இலைகளை விலக்கிப் பார்க்கும்போது வெள்ளையாக ஒரு முகிழ்ப்பு தெரியும். அது எலுமிச்சை அளவுக்கு வந்ததும், வெளி இலைகள் மூன்று நான்கைச் சேர்த்துப் பூவின் மேல் வளைத்து, வாழைநாரால் தளரக் கட்டுங்கள். வெயில் பட்டால் பூ மஞ்சளாகும், சுவையும் கெடும். இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் நின்று அழுகும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே புழு ஒளிந்திருக்கும். கட்டிய பிறகு தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் மண்ணில் மட்டும் விடுங்கள்.

10. பூச்சி

கோஸ் வகையின் முதல் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையில் கண்ணாடிபோல மெல்லிய தோல் மட்டும் மிஞ்சிய சிறு ஜன்னல்கள் தெரிந்தால், இலையைத் திருப்புங்கள். பச்சை நிறத்தில் சிறு புழு இருக்கும். தொட்டால் துள்ளி நூலில் தொங்கும். நடவுக்கு இரண்டு வாரம் முன்பே வரிசையின் ஓரத்தில் ஒரு பையில் கடுகு விதைத்துவிடுங்கள். அந்துப்பூச்சி கடுகிலேயே முட்டையிட விரும்பும். அதைப் பிடுங்கி அழித்தால் பாதித் தொல்லை தீரும். மீறி வந்தால் பி.டி. எனப்படும் நுண்ணுயிர்ப் பொடியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயில் பட்டால் அது வீரியம் இழந்துவிடும்.

மேகமூட்டமான தை நாள்களில் அசுவினி அவரைக் கொழுந்திலும் கோஸ் இலையிலும் அப்பிக்கொள்ளும். முதல் நாளே பார்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். பெருகியிருந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு முதலில் குழைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேருங்கள். நேரடியாக ஊற்றினால் எண்ணெய் மிதந்து, இலையைச் சுட்டுவிடும்.

11. அறுவடையும் பைகளும்

காலிஃபிளவரை இறுக்கமாக இருக்கும்போதே அறுங்கள். பூவின் மேல் அரிசி அரிசியாகப் பிரியத் தொடங்கினால் தாமதமாகிவிட்டது; அன்றே வெட்டுங்கள், இன்னும் பெருக்கும் என்று விடாதீர்கள். முட்டைக்கோஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்காவிட்டால் தயார். காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் கோஸ் வெடிக்கும். உடனே வெட்ட முடியாவிட்டால், அதைப் பிடித்து அரைச் சுற்றுத் திருகிவிடுங்கள். சில வேர்கள் அறுந்து, நீர் ஏறுவது குறைந்து, ஒரு வாரம் தாங்கும்.

பிப்ரவரி 15-க்குப் பிறகும் பூக் கட்டாத காலிஃபிளவரைப் பிடுங்கிவிடுங்கள். காலியான பையில் வேர்த்தூரை முழுதும் எடுத்து, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி நான்கு நாள் வெயிலில் உலர்த்துங்கள். பிறகு தொழு உரம் கலந்து வெண்டை, கொத்தவரை போடலாம். அந்தப் பையில் அடுத்த குளிர்காலத்தில் கோஸ் வகையை வைக்காமல், காரட்டோ பீட்ரூட்டோ வளர்ந்த பைக்கு அதை மாற்றுங்கள். எந்தப் பையில் எது நின்றது என்பதைப் பையின் மேலேயே எழுத்துப் பேனாவால் குறித்துவையுங்கள். அக்டோபர் வருவதற்குள் மறந்துபோயிருக்கும்.